கிறிஸ்துமஸ் தாத்தாவும் தாய்மாமன் சீரும்

எங்க மங்கலத்துல கிறிஸ்துமஸ் செப்டம்பர்லயே முடிஞ்சுருங்க.

சர்ச்சுல ஆராதனை, கீதபவனி, கேக் எல்லாம் வழக்கம்போல டிசம்பர்லதான். நான் சொல்றது பனியன் கம்பெனிக் கிறிஸ்துமஸ். லண்டன்லயும் ஹாம்பர்க்லயும் நவம்பர் மாசம் கடையில தொங்க வேண்டிய குழந்தைங்க பைஜாமாவை, திருப்பூர் சுத்துவட்டாரத்துல ஜூலை, ஆகஸ்ட்லயே தைச்சு, செக்கிங் பார்த்து, அயர்ன் போட்டு, பெட்டி கட்டி, தூத்துக்குடிக்கு லாரி ஏத்திரணும். 2023 கடைசியில செங்கடல் பக்கம் கப்பல்களைத் தாக்க ஆரம்பிச்சப்ப நிறைய சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டுப் போச்சு. பயணம் பத்துப் பதினஞ்சு நாள் நீண்டுது, தையலும் அந்த அளவுக்கு முன்னாடி நகர்ந்துது. ஆக, ஆடி மாசக் காத்துல ஓட்டு வீட்டுத் திண்ணையில உக்காந்து ஒரு அக்கா கிறிஸ்துமஸ் தாத்தாவோட தாடியில பிசிறு வெட்டிக்கிட்டு இருப்பாங்க. எங்க ஊர்ல பனிமானைப் பார்த்தவங்க யாரும் கிடையாது. ஆனா அதுக்கு எத்தனை கொம்பு, மூக்கு எந்தச் சிவப்புன்னு கலர் சார்ட்டோட தெரியும் :-)

இந்தத் தாத்தாவைப் பத்தி நான் திடீர்னு படிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் என் அக்கா பொண்ணுங்க ரெண்டு பேர். பெரியவளுக்கு ஒன்பது வயசு, சின்னவளுக்கு ஆறு. மச்சான் குடும்பம் கிறிஸ்தவங்க, அதனால தீபாவளிக்கு ஒண்ணு, கிறிஸ்துமஸுக்கு ஒண்ணுன்னு அம்மிணிகளுக்கு ரெட்டை வரவு. போன வருஷம் வரைக்கும் காதர்பேட்டைக்குப் போய் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்ல ரெண்டு நல்ல கவுன் எடுத்துட்டா என் வேலை முடிஞ்சுது. இந்த வருஷம் "விசேஷமா ஏதாச்சும் செய்யணும்"னு வாய விட்டேன். உடனே அம்மா சொன்னாங்க: "ஆளுக்கு அரைப் பவுன் எடுத்துக் குடுறா. பொட்டப் புள்ளைக, நாளைக்குக் கல்யாணத்துக்கு ஆகும்."

ஆறு வயசுப் புள்ளைக்குக் கிறிஸ்துமஸ் பரிசு, கல்யாணத் தங்கம்! சிரிச்சுட்டேன். அப்புறம் படிச்சுப் பார்த்தா, கிறிஸ்துமஸ் தாத்தா கதையோட ஆரம்பமே அதுதானாம்.

நிக்கோலஸ்னு ஒரு பிஷப். நாலாம் நூற்றாண்டு. ஊர் மைரா, இன்னைக்குத் துருக்கியில ஆன்ட்டால்யா பக்கம் டெம்ரேன்னு இருக்குற ஊர். அவரைப் பத்தி உறுதியாத் தெரிஞ்ச வரலாறு ரொம்பக் கொஞ்சம், கதைகள்தான் ஜாஸ்தி. அதுல ரொம்பப் பேர் வாங்கின கதை இது. ஒருத்தர் வாழ்ந்து கெட்டவர். மூணு பொண்ணுங்க. வரதட்சணை குடுக்க வழியில்ல. வரதட்சணை இல்லாம கல்யாணம் இல்ல, கல்யாணம் இல்லாட்டி அந்தக் காலத்துல ஏழைப் பொண்ணுக்கு என்ன கதின்னு தெரியுமே, மூணு பேரையும் விபசாரத்துக்கு அனுப்புற முடிவுக்கு அப்பன் வந்துட்டான். நிக்கோலஸுக்கு விஷயம் தெரிஞ்சுது. ராத்திரியில யாருக்கும் தெரியாம ஒரு பை தங்கத்தை ஜன்னல் வழியா உள்ள எறிஞ்சுட்டுப் போயிட்டார். பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் நடந்துது. அப்புறம் ரெண்டாவது பை, ரெண்டாவது பொண்ணு. மூணாவது தடவை அப்பன்காரன் தூங்காமக் காத்திருந்து, துரத்திப் பிடிச்சு, கால்ல விழுந்தான். "நான் உயிரோட இருக்குற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே"ன்னாராம் நிக்கோலஸ்.

எழுத்துல இந்தக் கதை கிடைக்கிறது ஒன்பதாம் நூற்றாண்டுலதான், அவர் இறந்து ஐநூறு வருஷம் கழிச்சு. பின்னால வந்தவங்க ஜன்னலைப் புகைபோக்கியா மாத்தினாங்க. காயப்போட்ட காலுறைக்குள்ள தங்கம் விழுந்துதுன்னு சேர்த்தாங்க. இன்னைக்கு வெள்ளைக்காரக் குழந்தைங்க தொங்கவிடுற சாக்ஸ் அங்கிருந்து வந்ததுதான்னு சொல்லுவாங்க. ஓவியத்துல தங்கப் பை மூணும் மூணு தங்க உருண்டை ஆயிடுச்சு. ஐரோப்பாவுல அடகுக்கடை வாசல்ல மூணு உருண்டை தொங்குறதுக்கும் இந்தக் கதையைத்தான் காரணமாச் சொல்றவங்க உண்டு. (மெடிசி குடும்பத்துச் சின்னம்னு இன்னொரு கட்சி.) நிக்கோலஸ் கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கும் காவல் புனிதர், அடகுக்கடைக்காரங்களுக்கும் காவல் புனிதர். பொண்ணைப் பெத்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்த ரெண்டுக்கும் உள்ள தொடர்பை விளக்க வேண்டியதில்ல.

அதுக்கப்புறம் நடந்ததை வேகமா ஓட்டிர்றேன். 1087-ல இத்தாலி மாலுமிகள் அவரோட எலும்புகளை மைராவிலிருந்து எடுத்துக்கிட்டுப் போய் பாரி நகரத்துல வச்சாங்க, அவர் புகழ் மேற்கே பரவுச்சு. அவர் திருநாள் டிசம்பர் 6. குழந்தைங்களுக்குப் பரிசு அன்னைக்குத்தான். சீர்திருத்தம் வந்தப்ப, புனிதர்களைக் கும்பிடுறது பிடிக்காத லூதர் தரப்பு, பரிசு குடுக்குறது குழந்தை இயேசுன்னு சொல்லி டிசம்பர் 25-க்குத் தள்ளிவிட்டுச்சு. அமெரிக்காவுல பியூரிட்டன்கள் இன்னும் கெடுபிடி. மாசசூசெட்ஸ்ல 1659 முதல் 1681 வரைக்கும் கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே அபராதம். டச்சுக்காரங்களோட சின்டர்கிளாஸ் நியூயார்க் பக்கம் சான்டா கிளாஸ் ஆனார். 1823 டிசம்பர்ல ட்ராய் நகரத்துப் பத்திரிகை ஒண்ணுல பேர் போடாம வந்த ஒரு பாட்டு அவரை மான் வண்டியில ஏத்துச்சு. 1863-ல இருந்து தாமஸ் நாஸ்ட் வரைஞ்ச படங்கள் தொப்பையும் தாடியும் குடுத்துச்சு. கோகோ கோலாக்காரங்கதான் சிவப்புச் சட்டை போட்டுவிட்டாங்கன்னு ஃபார்வேர்டு மெயில்ல நீங்களும் படிச்சிருப்பீங்க. அவங்க விளம்பரம் 1931-ல, சிவப்பு அதுக்கு முன்னாடியே இருந்துது.

எனக்குச் சுவாரசியமாப் பட்டது வேற. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன்னாடி, இங்கிலாந்து, அமெரிக்காவுல டிசம்பர் கடைசியில குடுக்குறதுன்னா பெரும்பாலும் எஜமான் வேலைக்காரனுக்குக் குடுக்குறது. டிசம்பர் 26-க்கு பாக்ஸிங் டேன்னு பேர் வந்ததே அந்தக் காசுப் பெட்டியாலதான்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்த் தீபாவளி இனாம் மாதிரி வச்சுக்கங்களேன். ஸ்டீபன் நிஸ்ஸன்பாம்னு ஒரு வரலாற்று ஆசிரியர் 1996-ல ஒரு புத்தகமே எழுதியிருக்கார். வாசல்ல வந்து நின்னு உரிமையோட கேட்ட ஏழை ஜனத்துக்குப் போய்க்கிட்டு இருந்த பண்டம், கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள இருந்த சொந்தக் குழந்தைக்குப் போகத் தொடங்கின கதை அது. கீழ இருக்கிறவன் கேட்டு வாங்கினது போய், குழந்தை கேட்காமலே கிடைக்கிறதா மாறிடுச்சு.

இந்தியாவுல இது தலைகீழாவும் நடந்திருக்கு. வெள்ளைக்காரத் துரைங்க காலத்துல கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலையில கீழ்நிலை உத்தியோகஸ்தர், கான்ட்ராக்டர், ஊர்ப் பெரியவர் எல்லாம் பழம், கேக், முந்திரி, திராட்சை அடுக்கின தட்டைத் தூக்கிக்கிட்டு பங்களாவுக்குப் போவாங்க. அந்தத் தட்டுக்கு டாலின்னு பேரு. குழந்தைங்க விளையாடுற டாலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, இது இந்திச் சொல். ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில இருக்கு, ஆர்வமுள்ளவங்க தேடிப் பாருங்க. தட்டுல தூக்கிக்கிட்டுப் போனதைப் பரிசுன்னு சொல்றதா, வேலை ஆகணும்கிறதுக்காகக் கட்டின கட்டணம்னு சொல்றதா?

இந்தக் கேள்வியோட நம்ம வீட்டுப் பக்கம் திரும்பினா வசமா மாட்டிக்கிறது நம்ம தாய்மாமன் சீர்தான்.

முதல்ல ஒரு சொல் விஷயம். ஆங்கிலத்துல அண்ணன் பொண்ணுக்கும் அக்கா பொண்ணுக்கும் ஒரே பேர். தமிழ்ல அப்படி முடியுமா? எனக்கு அண்ணன் இருந்து அவனுக்குப் பொண்ணு இருந்தா அவ எனக்கு மக முறை. அக்கா பொண்ணு மருமக. அதனால நான் அவளுக்குக் குடுக்குறது சும்மா பரிசு இல்ல, முறை. பொறந்ததும் தொட்டில், மொட்டை போடுறப்பவும் காது குத்துறப்பவும் மாமன் மடி, பெரியவளானா திரட்டிக்குத் தட்டுத் தட்டா வரிசை, கல்யாணத்துக்குப் பட்டும் பவுனும். கொங்குப் பக்கம் திரட்டி விசேஷத்துக்குப் போயிருக்கீங்களா? மண்டப வாசல்ல மேளத்தோட மாமன் வீட்டுச் சீர் வரும். எத்தனை தட்டுன்னு எண்ணுறதுக்குன்னே முன்வரிசையில ரெண்டு பாட்டிங்க உக்காந்திருப்பாங்க. அந்தப் பக்கம் மொய் நோட்டு, மைக்குல பேர், ஊர், தொகை. "யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு சொன்ன நிக்கோலஸ் நம்ம மண்டபத்துக்கு வந்தா மைக்செட்டுக்காரர்கிட்டயே தோத்துப் போயிருப்பார்.

மொய்யை நான் குறை சொல்ல மாட்டேன். அது வட்டியில்லாக் கடன், நோட்டுல ஏறின நாணயமான கணக்கு. நீ எனக்கு ஆயிரம் வச்சே, நான் உனக்கு ஆயிரத்து ஐநூறு வைக்கிறேன். ஃபிரான்ஸ்ல மார்செல் மாஸ்னு ஒருத்தர், திரும்பிவராத பரிசுன்னு உலகத்துல ஒண்ணு இல்லைன்னு 1925 வாக்குலயே ஒரு பெரிய கட்டுரை எழுதி வச்சுட்டார். எங்க ஊர்ப் பெருசுங்க எந்தக் கட்டுரையும் படிக்காம நோட்டுப் போட்டு அதையேதான் எழுதிக்கிட்டு இருந்தாங்க.

சீர் கணக்குத்தான் நோட்டுல ஏறாதது. சட்டத்தைப் பார்த்தா புரியும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பன் தானா சம்பாதிச்ச சொத்துல பொண்ணுக்குப் பங்கு குடுத்துச்சு. ஆனா பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துல பையனுக்குப் பொறப்பாலேயே இருந்த உரிமை பொண்ணுக்கு இல்ல. காடு, தோட்டம், கிணறு எல்லாம் அண்ணன் தம்பிங்களுக்கு. அப்ப கூடப் பொறந்தவளுக்கு? "நாங்க இருக்கோம், ஆயுசுக்கும் சீர் செய்வோம்." இப்ப யோசிச்சா சீர்ங்கிறது அவளுக்குக் குடுக்காம விட்ட பங்குக்கு அண்ணன் தம்பி தவணை முறையில கட்டுற தொகை. எத்தனை தவணை, எவ்வளவு தொகை, எப்ப முடியும்னு முடிவு பண்றது கட்டுறவன். வாங்குறவ சந்தோஷப்படணும், கண்ணுல தண்ணி விடணும், "எங்கண்ணன் மாதிரி வருமா"ன்னு சொல்லணும்.

தமிழ்நாட்டுல இது மாறினது 1989-ல. கலைஞர் ஆட்சி. மாநிலத் திருத்தச் சட்டம் பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் பையனுக்குச் சமமாப் பொறப்புரிமை குடுத்துச்சு, 1989 மார்ச் 25-ல இருந்து அமல். ஒரு நிபந்தனை: அந்தத் தேதிக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாது. எங்கம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1988 தை மாசம். பதினாலு மாசத்துல போச்சு! 2005-ல நாடு முழுக்க மத்திய அரசு திருத்தம் கொண்டு வந்து அந்தக் கல்யாண நிபந்தனை எல்லாம் இல்லாம ஆக்குச்சு. 2020 ஆகஸ்ட் 11-ல உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்குல, 2005-ல அப்பா உயிரோட இருந்தாரா இல்லையாங்கிறதுகூட முக்கியமில்லைன்னு சொல்லிருச்சு. ஆனா 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே முறைப்படி பாகம் பிரிச்சுப் பத்திரம் பதிஞ்சிருந்தா அதைத் தொட முடியாது. அம்மா வீட்டுல தொண்ணூறுகள்லயே பாகம் பிரிச்சாச்சு. விடுதலைப் பத்திரத்துலயும் அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. பேரைப் பாருங்க, விடுதலைப் பத்திரம்! யாருக்கு யார்கிட்ட இருந்து விடுதலைன்னு பதிவுத்துறைதான் விளக்கணும்.

எங்க மாமா நல்ல மனுசன். அக்காவோட திரட்டிக்கு அஞ்சு பவுனும் பீரோவும் கொண்டுவந்தார், நான் அப்ப சின்னப் பையன், மேளத்துக்கு முன்னாடி ஆடிக்கிட்டு வந்தது நல்லா ஞாபகம் இருக்கு. ஊரே பேசுச்சு. அம்மா அன்னைக்கு அழுதது எனக்கு அப்பப் புரியல. போன மாசம் இதெல்லாம் படிச்சுட்டு "ஏம்மா அன்னைக்கு அழுதே?"ன்னு கேட்டேன். "சந்தோசத்துலதான்டா, பின்ன?"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. அதுக்கு மேல நானும் கேக்கல.

இப்ப மறுபடியும் பனியனுக்கு வரணும், ஏன்னா நிக்கோலஸோட அந்த மூணு பொண்ணுங்க எங்க ஊர்ப் பக்கமும் வந்துட்டுப் போயிருக்காங்க.

திருப்பூர் பின்னலாடைக் கதை 1925 வாக்குல ஆரம்பிக்குது. முதல் கம்பெனியோட பேரே பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ். ரொம்ப வருஷம் உள்ளூர் வெள்ளைப் பனியன்தான். 1978-ல வெரோனான்னு ஒரு இத்தாலிக்காரர் வந்து ஏற்றுமதிக் கதவைத் திறந்தார், 1981-ல சி அண்ட் ஏ கம்பெனி வந்துது. 2024-25 நிதியாண்டுல திருப்பூர் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். 2025 ஆகஸ்ட் 27-ல அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கினப்ப எங்க தெருவுல பவர்டேபிள் ஓட்டுறவங்க எல்லாம் டிவி முன்னாடி உக்காந்திருந்தாங்க, அந்த அளவுக்கு அந்த ஊர்க் குழந்தையோட சட்டையில எங்க ஊர்ச் சோறு கலந்திருக்கு.

இந்தச் சட்டைக்கெல்லாம் நூல் வேணும். நூலுக்கு ஸ்பின்னிங் மில் வேணும். மில்லுக்கு ராத்திரி ஷிப்ட் பார்க்க, யூனியன் சேராத, கேள்வி கேக்காத கை வேணும். தொண்ணூறுகளோட கடைசியில இருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்க மில்லுங்க பல அதுக்கு ஒரு திட்டம் கண்டுபிடிச்சுச்சு. சுமங்கலித் திட்டம். எங்க ஊர்ப் பேருக்கு முன்னாடி ஒரு 'சு' போட்டுப் பின்னாடி கொஞ்சம் திருத்தினா வர்ற அதே சொல். மாங்கல்யத் திட்டம், திருமகள் திட்டம்னு வேற வேற பேர்லயும் நடந்துது. தென்மாவட்டத்து ஏழை வீடுங்க, பதினாலு பதினஞ்சுல இருந்து இருபதுக்குள்ள இருக்குற பொண்ணுங்க. ஹாஸ்டல், சாப்பாடு, மூணு வருஷ வேலை. கொஞ்சமா தினக் கூலி. மூணு வருஷம் முடிஞ்சா மொத்தமா ஒரு தொகை, முப்பதாயிரம், நாப்பதாயிரம், அம்பதாயிரம்னு இடத்துக்கு இடம் மாறும். "உங்க பொண்ணு கல்யாணச் செலவை அவளே சம்பாதிச்சுக்குவா"ன்னு ஊர் ஊரா நோட்டீஸ், ஏஜென்ட்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லயே வந்தாச்சு. நாப்பது வருஷம் கழிச்சு அதுக்குச் சேமிக்கிறதுக்குன்னே ஒரு வேலைத் திட்டம்!

அந்த மொத்தத் தொகை எங்கிருந்து வந்துது? அந்தப் பொண்ணோட சொந்தக் கூலிதான். மாசாமாசம் குடுக்க வேண்டியதைப் பிடிச்சு வச்சு, கடைசியில ஏதோ முதலாளி போடுற சீர் மாதிரி தூக்கிக் குடுக்குறது. உடம்புக்கு முடியாம ரெண்டரை வருஷத்துல திரும்பிப் போனவங்கள்ல நிறையப் பேருக்கு அந்தத் தொகையே கிடைக்கலைன்னு அறிக்கைகள் சொல்லுது. 2011 மே மாசம் நெதர்லாந்துல இருக்குற சோமோங்கிற ஆய்வு அமைப்பும், இந்தியக் கமிட்டி ஆஃப் நெதர்லாந்துங்கிற அமைப்பும் சேர்ந்து விரிவா ஒரு அறிக்கை போட்டாங்க, 2014 அக்டோபர்ல இன்னொண்ணு. வெளியில போக விடாத ஹாஸ்டல், நீண்ட ஷிப்ட், பிடித்தம் எல்லாம் அதுல இருக்கு. அதுக்கப்புறம்தான் வெளிநாட்டு பிராண்டுங்க பதறி, எங்க ஊர் கம்பெனிகளுக்கு ஆடிட் மேல ஆடிட்டா அனுப்புச்சு.

சின்டர்கிளாஸ் வந்த நாடும் நெதர்லாந்து, இந்த அறிக்கை வந்த நாடும் நெதர்லாந்து. இது சும்மா ஒரு தற்செயல்தான். ஆனா எனக்கு விடாம ஓடுற படம் வேற. வரதட்சணை இல்லாத மூணு பொண்ணுங்களுக்குத் தங்கம் போட்ட பிஷப், ஆயிரத்து அறுநூறு வருஷம் கழிச்சு ஒரு குழந்தை பைஜாமாவுல சிரிக்கிறார். அந்த நூலை ராத்திரி ஷிப்ட்ல முடிச்சுப் போட்டு ஓட்டினவ தன்னோட வரதட்சணைக்குத் தானே சம்பாதிக்க வந்தவளா இருந்திருக்கலாம்.

எல்லா மில்லும் இப்படித்தான்னு நான் சொல்ல வரல. திட்டம் முடிஞ்சு ஊருக்குப் போய் உருப்படியா வாழுற அக்காக்களையும் எனக்குத் தெரியும். அவங்கள்ல ஒருத்தர் சொன்னது: "மொத்தமாக் குடுத்ததாலதான் தம்பி எங்கப்பன் குடிக்காம மிஞ்சுச்சு." அதுக்குப் பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல.

அரசாங்கமும் தங்கப் பை போட்டிருக்கு. அந்தச் சொத்துரிமை வந்த அதே 1989-லதான் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல ஏழைப் பொண்ணுங்களுக்குத் திருமண உதவித் திட்டமும் வந்துது. ஒரு கையில பங்கு, இன்னொரு கையில கல்யாணச் செலவு. யார் அந்த ராமாமிர்தம்? 1883-ல பொறந்தவங்க. தேவதாசி மரபுல சிக்கி வளர்ந்து, அதை உடைச்சு வெளிய வந்து, அதை ஒழிக்கிறதுக்கே வாழ்ந்தவங்க. 1936-ல தாசிகள் மோசவலைன்னு ஒரு நாவலே எழுதினாங்க. பொட்டுக்கட்டுறதைத் தடுத்து மதராஸ் மாகாணச் சட்டம் வந்தது 1947. நிக்கோலஸ் கதையில அப்பன் விக்கப் பார்த்த பொண்ணுங்க மாதிரியே சிக்க வைக்கப்பட்ட பொண்ணுங்களுக்காகப் போராடினவங்க பேர்ல, கல்யாண உதவி. அதோட 2011-ல தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்துது, 2016-ல 8 கிராம் ஆச்சு. படிச்சிருந்தா தொகை அதிகம்னு நிபந்தனை இருந்ததால பல வீட்டுல பத்தாவதைத் தாண்ட விட்டாங்கங்கிறதும் நிஜம்.

2022-ல இதைத் தூக்கி வேற பக்கம் வச்சாங்க. தாலித் தங்கத்துக்குப் பதிலா, அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச பொண்ணு காலேஜ், பாலிடெக்னிக், ஐடிஐ சேர்ந்தா படிப்பு முடியிற வரைக்கும் மாசம் 1,000 ரூபாய் நேரா அவ வங்கிக் கணக்குக்கு. புதுமைப்பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5-ல தொடக்கம். பேர்ல ராமாமிர்தம் அம்மையார் அப்படியே இருந்தாங்க. அப்ப எங்க தெருவுல பெரிய சண்டையே நடந்துது. "எட்டு கிராம் எங்க, ஆயிரம் ரூவா எங்க"ன்னு ஒரு கட்சி. தங்கம் விக்கிற விலைக்கு அவங்க கணக்குத் தப்பில்லதான். எனக்கு என்னமோ அந்த ஆயிரம் ரூபாய்தான் பெருசாப் பட்டுது. தங்கம் அவ கழுத்துக்கு வந்தாலும் அது போய்ச் சேர்ற வீடு வேற. இது அவ பேர்ல இருக்குற கணக்குக்கு வருது, பஸ்ஸுக்கோ புத்தகத்துக்கோ அவளே எடுக்கலாம்.

சரி, பரிசுக்கு வருவோம், டிசம்பர் ஓடிக்கிட்டு இருக்கு.

அரைப் பவுன் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. அம்மாவுக்குக் கோவம். "நீ என்ன மாமன்"ங்கிற வரைக்கும் போயிருச்சு. அக்காவுக்கு இந்த வீட்டுல என்ன உண்டோ அதைப் பத்திப் பொங்கலுக்கு அப்பாவோட உக்காந்து பேசலாம்னு சொல்லியிருக்கேன். அது சீர் கிடையாது, மைக்கும் கிடையாது. அப்பா இன்னும் ஒண்ணும் சொல்லல, தறி ஷெட்டைப் பார்த்துக்கிட்டே டீ குடிச்சுட்டுப் போயிட்டார். நடக்குறப்ப சொல்றேன்.

அம்மிணிகளுக்கு சைக்கிள். ஆளுக்கு ஒண்ணு. அக்கா வீட்டுல இருந்து ஸ்கூல் ஒன்றரைக் கிலோமீட்டர், ஊருக்குள்ளயே உள்ரோடு இருக்கு. புதுக்கோட்டையில 1991, 92-ல அறிவொளி இயக்கம் எழுத்து சொல்லிக் குடுக்குறப்பவே பொம்பளைங்களுக்கு சைக்கிளும் சொல்லிக் குடுத்துச்சு. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த நேரம். ஆயிரக்கணக்கான பொம்பளைங்க ஓட்டக் கத்துக்கிட்டாங்க, கடையில லேடீஸ் சைக்கிள் தீர்ந்து போய் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்கன்னு சாய்நாத் எழுதியிருக்கார். அப்புறம் 2001-ல இருந்து தமிழ்நாட்டுல அரசே ஸ்கூல் பொண்ணுங்களுக்கு சைக்கிள் குடுக்க ஆரம்பிச்சு, வருஷம் போகப் போக எல்லாருக்கும்னு ஆச்சு. எங்கக்காவும் அப்படி வாங்கின ஒரு சைக்கிள்லதான் பன்னெண்டாவது முடிச்சா. பின்னாடி கேரியர்ல உக்காந்து போன ஆள் நான்தான்.

கடையில போய்ப் பார்த்தா பொண்ணுங்க மாடல்னு இருக்குறது பூராவும் பிங்க். முன்னாடி கூடை, கைப்பிடியில குஞ்சம். இந்த பிங்க் சமாச்சாரமே சமீபத்துல வந்ததுங்க. 1918-ல அமெரிக்காவுல குழந்தைத் துணி வியாபாரப் பத்திரிகை ஒண்ணு, பிங்க் அழுத்தமான நிறம், அது பையனுக்கு, நீலம் மென்மையானது, அது பொண்ணுக்குன்னு எழுதியிருக்கு. அப்புறம் எப்பவோ தலைகீழாயிருச்சு. எது ஃபேஷனோ அதுக்கேத்த சாயம் ஒரு காலத்துல எங்க நொய்யல்லயும் ஓடுச்சு, 2011 ஜனவரியில ஹைகோர்ட் சாயப்பட்டறைங்களை மூடச் சொன்ன வரைக்கும்.

நான் இந்த 1918 கதையை எடுத்து விட்டதுக்கு, கடைக்காரர் ரொம்பப் பொறுமையா, "தம்பி, பாப்பாவுக்கு என்ன கலர் வேணும்னு கேட்டீங்களா?"ன்னார். கேட்டேன். பெரியவளுக்கு 20 இஞ்ச், நீலம், கியர் வேண்டாம், பெல் சத்தமா இருக்கணும். சின்னவளுக்கு 16 இஞ்ச், பக்கச் சக்கரத்தோட, பிங்க்தான் வேணுமாம், குஞ்சமும் வேணுமாம் :-) நீலம் ஸ்டாக் இல்ல, கோயம்புத்தூர்ல இருந்து வரணும். இருபத்திமூணாந்தேதி சாயங்காலம் எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கார்.